ஊசி போட்ட நாய்தானே?

மீட்டர் கணக்கெடுக்கும் பெண் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தபோது, வேன்காரர் வேனின் பின் சீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். காலை ட்ரிப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்திருந்தது. மதியம் அதே சீட்டில் வேறு பிள்ளை உட்கார வேண்டும். குழாய்த் தண்ணீரின் இரைச்சலில் "மீட்டர்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்க்காமலே, "உள்ள வாங்கம்மா" என்றார்.

பட்டாளத்தைக் கட்டிப்போடவில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஒரே ஒரு நாய்தான். ஆனால் தெருவில் ஒரு சைக்கிள் போனால்கூட ஒரு படையே கிளம்புகிற மாதிரி சத்தம் போடும் என்பதால் அவர் மனைவி அப்படிப் பெயர் வைத்திருந்தாள். குட்டியாக வேனின் டயர் இடுக்கில் நடுங்கிக்கொண்டு கிடந்ததை அவர்தான் எடுத்து வந்தார். இப்போது அதற்கு ஐந்து வயது. மார்பு அகன்று, கழுத்து தடித்து, எழுந்து நின்றால் அவர் தோளுக்கு வரும். அன்று அது குரைக்கவில்லை. அதுதான் அவரை முதலில் பயமுறுத்தியது. சிமெண்டுத் தரையில் நகங்கள் கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ உடைகிற சத்தம். பிறகு அந்தப் பெண்ணின் குரல். அது அலறல்கூட இல்லை. மூச்சை உள்ளே இழுத்தவள் வெளியே விட மறந்த மாதிரி ஒரு சத்தம்.

அவர் ஓடிப் போனபோது அவள் மீட்டர் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். கணக்கெடுக்கும் கருவி தரையில் கிடந்து, பாதி அச்சடித்த சீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவளுடைய இடது மணிக்கட்டு, கட்டியிருந்த வாட்ச்சோடு, நாயின் வாயில் இருந்தது. அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார், விடவில்லை. வாய்க்குள்ளேயே விரலை விட்டுத் தாடையைப் பிரித்தார். ஐந்து வருடம் சோறு வைத்த கைகள் அவை. அந்தக் கணம் அந்த நாய் அவரைப் பார்த்த பார்வையில் அவரைத் தெரிந்ததற்கான அடையாளமே இல்லை.

வேன் ஷெட்டுக்குள் அதைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அதே குழாயைத் திருப்பி, சோப்பு போட்டு அவள் கையைக் கழுவினார். பற்கள் இறங்கிய இடங்கள் நாலு. கட்டை விரலுக்குக் கீழே ஒன்று மட்டும் ஆழம். தண்ணீர் சிவப்பாகப் போய், பிறகு வெளிறி, மறுபடியும் சிவந்தது. அவள் அழவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் அடித்துக்கொள்ள, ஒன்றை மட்டும் கேட்டாள்.

"அண்ணே, ஊசி போட்ட நாய்தானே?"

"போட்டிருக்கும்மா. வருஷா வருஷம் போடுறோம். பயப்படாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மையா என்று யோசித்தார்.

*

ஆஸ்பத்திரிக்குப் பள்ளி வேனிலேயே அழைத்துப் போனார். அவசரப் பிரிவு டாக்டர் ஒரு பெண்மணி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. காயத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டார்.

"உங்க நாயா?"

"ஆமா டாக்டர்."

"தடுப்பூசி?"

அந்தப் பெண் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் முன்னால் சொன்னதை இப்போது மாற்றிச் சொன்னால் அவள் முகம் என்ன ஆகும் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"போட்டாச்சு டாக்டர்."

"அட்டையை எடுத்துட்டு வாங்க. இவங்களுக்கு இன்னைக்கே முதல் ஊசி. காயத்துக்குள்ள போடுற மருந்து ஒண்ணு இருக்கு, கையிருப்பு ரொம்பக் கம்மி. ஊசி போட்ட வீட்டு நாய், பத்து நாள் கண்ணு முன்னாடி வெச்சிருக்க முடியும்னா, அதை நிறுத்தி வெக்கலாம். ஆனா நாய்கிட்ட ஒரு சின்ன மாற்றம் தெரிஞ்சாலும் எனக்கு உடனே தகவல் வரணும். புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் குடைந்து அட்டையைத் தேடி எடுத்தார். கடைசி ஊசிக்கு எதிரே இருந்த தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். அடுத்த ஊசி போட்டிருக்க வேண்டிய நாள் கடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வாரம் வேன் எஞ்சின் பழுதாகி ஓட்டம் நின்றிருந்தது. அடுத்த வாரம் போடலாம் என்று விட்டதுதான்.

மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். சாயங்காலம் வந்து கேட்டுவிட்டுக் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"இப்பவே போய்ச் சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குன்னா என்ன? அந்த வியாதி வந்தா திரும்பிப் போகாதுங்க. வந்தா வந்ததுதான்."

"நம்ம பட்டாளத்துக்கு ஒண்ணும் இல்ல. வெளிய எங்கேயும் போறதே இல்ல."

"போன மாசம் ரெண்டு நாள் காணாமப் போச்சே, அது?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவள் அவருடைய விரலைப் பார்த்தாள். தாடையைப் பிரித்தபோது பல் கீறிய இடம், நகத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு. அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போனது.

*

மறுநாள் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறான். சட்டம் படித்தவர்களைவிடத் தனக்குச் சட்டம் நன்றாகத் தெரியும் என்று உண்மையாகவே நம்புகிறவன்.

"மாமா, நாய் வளர்க்கிறது தப்பு இல்ல. அது கடிக்கும்னு தெரிஞ்சே அவுத்து விட்டாத்தான் மாட்டிக்குவீங்க. கோர்ட்ல முதல் கேள்வியே இதுதான், இதுக்கு முன்னாடி யாரையாவது கடிச்சிருக்கா?"

மூன்று பேரும் அவன் காலைப் பார்த்தார்கள். ஏனென்றால் இதற்கு முன்னால் அது கடித்தது அவனைத்தான். ஆறு மாதத்துக்கு முன்பு, வேன் ஷெட்டில், கெண்டைக்காலில். வீட்டு விஷயம் வெளியே போக வேண்டாம் என்று அக்காவே மருந்து போட்டுவிட்டாள்.

"அந்த விஷயம் தெரிஞ்ச ஒரே சாட்சி நான்தான்," என்றான் மச்சான், காலைத் தடவிக்கொண்டு. "நான் வாயைத் திறக்க மாட்டேன். வாசல்ல இருக்கிற போர்டை மட்டும் கழட்டிடுங்க. 'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு எழுதி வெச்சா, கடிக்கும்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுலயும் ஒரு நாயை வெச்சுக்கிட்டு நாய்கள்னு வேற."

"கடையில அப்படித்தான்டா இருந்துச்சு."

"நீங்க 'உள்ள வாங்க'ன்னு கூப்பிட்டது யாருக்காவது கேட்டுச்சா?"

"அந்தப் பொண்ணுக்குக் கேட்டுச்சு."

"அவளைத் தவிர?"

"வேற யாரும் இல்ல."

"அப்ப நீங்க கூப்பிடல. அவளே திறந்துக்கிட்டு வந்தா." அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்த அட்டையை என்கிட்ட குடுங்க. கால்நடை ஆஸ்பத்திரியில சீல் போடுற ஆள் எனக்குப் பழக்கம்."

மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் சத்தமாக உருண்டன. அவர் அட்டையைக் கொடுத்தார்.

அன்று மதிய ட்ரிப்பில் ஒரு சின்னப் பெண் கேட்டாள். "வேன் மாமா, உங்க நாய்க்கு வெறி புடிச்சிருச்சாமே?" அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பதினான்கு முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. "அதெல்லாம் இல்ல கண்ணு," என்றார். சிக்னல் பச்சையானது தெரியாமல் நின்றுவிட்டு, பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

*

மூன்றாம் நாள் காலை. ஷெட்டின் கம்பி வலை வழியாகச் சோற்றுத் தட்டைத் தள்ளினார். பட்டாளம் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேற்று ராத்திரிச் சோறும் அப்படியே காய்ந்து கிடந்தது. அது பழைய டயர்களுக்குப் பின்னால் போய்ச் சுருண்டு படுத்திருந்தது. வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது.

அவர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தார். நாய் மெதுவாக எழுந்து வந்தது. குனிந்தது. நாக்கு தண்ணீரில் பட்டதுதான் தாமதம், உடம்பெல்லாம் தூக்கிப் போட, முனகிக்கொண்டு பின்வாங்கிச் சுவரில் போய் மோதியது.

தண்ணீரைக் கண்டால் பயப்படும் என்று சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்ட ஒரே ஒரு விஷயம் அவர் கண்முன்னால் நடந்துவிட்டது. கிண்ணத்தை எடுத்து மறுபடி நீட்டினார். தப்பாகப் பார்த்திருப்போமோ என்ற நப்பாசை. நாய் இன்னும் பின்னால் ஒடுங்கியது. அதன் கண்கள் டயர் இடுக்கிலிருந்து அவரைப் பார்த்தன.

சட்டைப்பையில் அட்டை இருந்தது. முந்தின சாயங்காலம்தான் மச்சான் கொண்டுவந்து கொடுத்தான். ஊதா நிற முத்திரை, யாருடைய கையெழுத்தோ, எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது. அன்றுதான் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது ஊசி. டாக்டரிடம் அட்டையைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு எப்படி வண்டி ஓட்டினார் என்று பிறகு அவருக்கு நினைவில்லை. ஊசி போடும் அறைக்கு வெளியே நீளமான இரும்பு பெஞ்சு. அதன் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் ஒரு குழந்தையைப் போல ஏந்தியிருந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியார், மடியில் இரண்டு வயதுப் பேத்தி.

அவரைப் பார்த்ததும் அவள் சிரிக்க முயன்றாள்.

"நாய் எப்படிண்ணே இருக்கு? சாப்பிடுதா?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் பாப்பாவைப் பக்கத்துல படுக்க வெக்கிறதே இல்லண்ணே," என்றாள் அவள். "ஒண்ணும் இல்லைன்னு தெரியுது. ஊசி போட்ட நாய்னு நீங்க சொன்னீங்க, டாக்டரும் சொன்னாங்க. இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது. டம்ளர்ல தண்ணி எடுக்கிறப்பல்லாம் குடிக்க முடியுதான்னு நானே என்னைச் சோதிச்சுப் பாக்குறேன்."

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இது பொய்ம்மா."

"என்னது?"

"ஊசி போடல. எட்டு மாசம் தள்ளிப் போச்சு. பயத்துல சொல்லிட்டேன். இந்த சீல் நேத்து குத்தினது." மூச்சு வாங்கியது. "இன்னைக்குக் காலையில நாய் சாப்பிடல. தண்ணியும் குடிக்கல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், எழுந்து அடிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றும் தோன்றியது. அவள் மெதுவாகப் பெஞ்சில் நகர்ந்து, மாமியாரிடமிருந்தும் குழந்தையிடமிருந்தும் தள்ளி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அந்த ஒரு முழ இடைவெளியைப் பார்த்தபோது, அதுவரை தான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அவருக்குப் பட்டது.

மாமியார்தான் சத்தம் போட்டாள். "பெத்த பொண்ணா இருந்தா இப்படிச் சொல்லியிருப்பியாய்யா நீ?" அந்தச் சத்தத்தில் டாக்டர் வெளியே வந்தார்.

டாக்டர் கத்தவில்லை. அட்டையை வாங்கி மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஃபோன் போட்டார். மூன்றாவது இடத்தில் மருந்து இருந்தது. "முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குள்ள இதைக் குடுக்கலாம். இன்னைக்கு மூணாவது நாள். நேரம் இருக்கு," என்று அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்துச் சொன்னார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். "இன்னும் அஞ்சு நாள் கழிச்சு இதே உண்மையைச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இப்போ வண்டியை எடுத்துட்டுப் போய் மருந்தை வாங்கிட்டு வாங்க. வந்ததும் உங்க கையைக் காட்டுங்க. அந்தக் கீறலை நான் அன்னைக்கே பார்த்திருக்கணும்."

பள்ளி வேனில் ஐஸ் பெட்டியோடு அவர் திரும்பி வந்தார். காயத்தைச் சுற்றி மருந்தை ஏற்றியபோது அவள் போட்ட சத்தம் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளக் கை எழுந்தது. பொத்திக்கொள்ளவில்லை. அடுத்து அவருக்கும் போட்டார்கள்.

*

மதியம் கால்நடை மருத்துவர் வீட்டுக்கு வந்தார். முழங்கை வரை தடித்த கையுறை போட்டு, கம்பி வலைக்கு வெளியே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் நாயைக் கவனித்தார். நடக்க விட்டுப் பார்த்தார். கையைத் தட்டிப் பார்த்தார். அவர் நீட்டிய எலும்புத் துண்டுக்கு ஆசைப்பட்டு அது வாயைத் திறந்தபோது டார்ச் அடித்தார்.

"கீழ்ப் பல் ஒண்ணு பாதியா உடைஞ்சிருக்கு. அந்தம்மா கையில வாட்ச் ஏதாவது கட்டியிருந்தாங்களா?"

"ஸ்டீல் வாட்ச், சார். நொறுங்கிப் போச்சு."

"அப்ப அதைக் கடிச்சதுல உடைஞ்சிருக்கலாம். பல்லுக்குள்ள இருக்கிற நரம்பு வெளிய தெரிஞ்சா பச்சத் தண்ணி பட்டாலே உயிர் போற மாதிரி வலிக்கும். வெறி புடிச்ச நாயெல்லாம் தண்ணியப் பாத்துப் பயப்படும்னு இல்லைங்க. அது மனுஷனுக்கு வர்றது."

"அப்ப ஒண்ணும் இல்லையா சார்?"

"அப்படி நான் சொல்லலையே. பல்லும் உடைஞ்சிருக்கலாம், மத்ததும் இருக்கலாம். பத்து நாள் உயிரோட, ஒழுங்கா இருந்தாத்தான் நிம்மதி. பக்கத்துல போகாதீங்க."

ஏழு நாள் மிச்சம் இருந்தது. காலை ட்ரிப்புக்கு முன்பும், முடிந்தும், மதியத்துக்கு முன்பும், பின்பும் அவர் வலைக்கு வெளியே போய் நின்றார். கால் பின்னுகிறதா, தாடை தொங்குகிறதா, குரல் மாறியிருக்கிறதா. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தார். அவள் பேச மாட்டாள். மாமியார்தான் எடுப்பாள். "எழுந்து நடந்துச்சும்மா. வெதுவெதுப்பாத் தண்ணி வெச்சேன், கொஞ்சம் குடிச்சுச்சு." "சரி." அவ்வளவுதான் பேச்சு. ஐந்தாம் நாள் அது குழைந்த சோற்றை நக்கித் தின்றது. அதைச் சொன்னபோது மறுமுனையில் மாமியார் ஃபோனைக் கீழே வைக்காமல் வெகுநேரம் அழுவது கேட்டது.

பத்தாம் நாளும் பட்டாளம் எழுந்து நின்று வாலை ஆட்டியது. மனைவி அன்றுதான் ஷெட் பக்கம் வந்தாள். வலைக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு, "உன்னைப் பாத்தா இப்பவும் எனக்கு உள்ளுக்குள்ள நடுங்குது," என்று அதனிடமே சொன்னாள்.

*

நோய் இல்லை என்றானது. ஆனால் கட்டை விரலுக்குப் போகும் நரம்பு அறுந்திருந்தது. அவளால் இனி எதையும் இடது கையில் இறுக்கிப் பிடிக்க முடியாது. அவளுடைய மின்வாரிய அலுவலகம் அவர்மேல் வழக்குப் போட்டது. நாலு மாதம் கழித்து விசாரணைக்கு நாள் வந்தது.

முந்தின நாள் மச்சான், தட்டச்சு செய்த வாக்குமூலத்தைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தான். சீல் விவகாரத்தில் அவனும் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்துவிட்டு வந்திருந்தான். முன்பிருந்த துடுக்கு குறைந்திருந்தது.

"மேற்படி நாய் இதற்கு முன் எவரையும் கடித்ததில்லை," என்று அவர் வாய்விட்டுப் படித்தார். "உன் கால்ல இருக்கிற தழும்பு என்னடா அப்ப?"

"மாமா, இந்த வரியை அடிச்சிட்டா முழுப் பொறுப்பும் உங்க தலையில."

"யார் தலையில இருக்கணுமோ அங்கதான் இருக்கு."

சொல்லிவிட்டார். ஆனாலும் மறுநாள் கோர்ட் மாடிப்படியில் அவர் பாதியிலேயே நின்றுவிட்டார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நீதிபதி கேட்டார்.

"இந்த நாய் கடிக்கக்கூடியதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ங்க. என் மச்சானைக் கடிச்சிருக்கு."

"இவங்க அனுமதி இல்லாம உள்ள வந்தாங்களா?"

"இல்லைங்க. நான்தான் உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். கட்டிப்போட்டிருக்கான்னு பாக்கல."

அவருடைய வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். தீர்ப்புச் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், விரலுக்கான இழப்பீடு எல்லாம் வளர்த்தவர் பொறுப்பு, தவணையில் கட்டலாம். நாயை ஷெட்டை விட்டு வெளியே எடுத்தால் வாய்ப்பூட்டு போட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு முறை நடந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். பொய் முத்திரைக்குத் தனி வழக்கு, அது இனிமேல்தான். ஏற்கெனவே நாலு வீட்டில் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திவிட்டிருந்தார்கள்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் கோர்ட் வாசலில், கடைசிப் படிக்கு ஒரு படி மேலே நின்றிருந்தாள். மாமியார் ஆட்டோ பார்க்கத் தெருமுனைக்குப் போயிருந்தாள். படிக்குக் கீழே நிழலில் ஒரு தெரு நாய் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. வயதான நாய், காதில் ஈ மொய்த்தது. அவளால் அதைத் தாண்டி இறங்க முடியவில்லை. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

அவர் பக்கத்தில் போகத் தயங்கினார். நாலு மாதமாக அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவி முதுகில் லேசாகத் தள்ளினாள்.

அவர் இறங்கிப் போய், நாய்க்கும் படிக்கும் நடுவில் நின்றார். அவருக்கும் இப்போதெல்லாம் தெரு நாயைக் கண்டால் வாய் உலர்ந்துவிடுகிறது, யாரிடமும் சொன்னதில்லை.

"அசையாதீங்கண்ணே," என்றாள் அவள். "நான் இறங்கிற வரைக்கும் அப்படியே நில்லுங்க."

"நிக்கிறேம்மா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவள் தெருவைக் கடந்து, ஆட்டோவில் ஏறி, மாமியார் பக்கத்தில் உட்காரும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.